எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்: ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். இந்தப் பயிற்சி நூலை அந்த அறையில் வைத்துத்தான் என்னால் எடைபோட முடியும்.

கொரோனாக் காலத்தில் விட்டுப்போன அடிப்படையை மீட்க 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நூல் இது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டவே திணறினால் அவன் அரும்பில் தொடங்கலாம். இந்த ஒன்றுக்காகவே நூலை மனதார வரவேற்கிறேன். முன்பெல்லாம் பாடம் அவனை விட்டுவிட்டுப் போய்விடும்; கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து அழகாக எழுதுவான், வாசிக்கச் சொன்னால் விழிப்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு. "இருநூற்று ஐந்து" என்றால் 2005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் உண்டு. காதில் விழுந்தபடியே 200-ஐ எழுதிப் பக்கத்தில் 5-ஐச் சேர்த்துவிடுகிறார்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை நூறாக்கி, கட்டு இல்லாத இடத்துக்குத்தான் பூஜ்யம் என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு நூலைத் திறந்தால் அந்தப் பிழை விலகுகிறது. எடுத்த எடுப்பில் நூலைத் திறந்தால் கட்டங்கள் நிரம்பும், கணக்கு வராது.

இதற்கு ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். இடிப்பது அங்கேதான். அரும்புக் குழுவோடு நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மலர்ப் பிள்ளைகள் முடித்துவிட்டு நோட்டை நீட்டுகிறார்கள். வருகைப் பதிவு, மதிப்பீட்டு விவரம், இலவசப் பொருட்களின் கணக்கு என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் என் தலையில். 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று தலைகளை எண்ணுகிறது. வகுப்புகளை யார் எண்ணுவது? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கும் வரை இந்த நல்ல நூலின் பாதிப் பலன்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று அடித்துச் சொல்வேன்.

புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு: பக்கங்களை முடிக்க ஓடாதீர்கள். ஈர்க்குச்சிக் கட்டுகளை ஜூனிலேயே பிள்ளைகளைக் கொண்டு கட்டி வையுங்கள். ரப்பர் பேண்டு வெயிலில் இளகி அறுந்துவிடும், நூல்கயிறு நல்லது.