அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? சென்னைக் குடியிருப்புகளைக் குழந்தைகள் பக்கம் நின்று ஒப்பிட்டால்

சென்னையில் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு குடிசைப் பகுதியை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தாலே எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை கோடி என்றுதான் கணக்கு ஓடும். நகரின் தெற்கு ஓரத்தில், வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் இருக்கும் ஓர் இடத்தில், சில வருடங்களாக மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? பிள்ளை காலையில் சாப்பிட்டதா, பள்ளிக்குப் போனதா, இருட்டிய பிறகு யார் பக்கத்தில் இருந்தது, எல்லாமே அதில் அடங்கிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம். முதலாவது, ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி அங்கே அனுப்புவது. இரண்டாவது, இருக்கும் இடத்திலேயே இடித்துவிட்டுக் கட்டித் தருவது. மூன்றாவது, இன்று யாரும் பேசாத வழி: கட்டடமே கட்டாமல் மனையும், தண்ணீரும், சாக்கடையும், தெருவும் கொடுத்துவிட்டு வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளட்டும் என்று விடுவது.

முதல் வழியில்தான் சென்னை கடந்த இருபத்தைந்து வருடமாக அதிகம் போயிருக்கிறது. 2000-இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது, 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வந்தது, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடி பிளாக்குகளுக்குப் போனார்கள். இதில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றோரக் குடிசையில் குழந்தை வளர்ப்பது எப்படி இருக்கும் என்று அங்கே வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். ஒரு மழைக்கு வீடு போகும், ஒரு தீப்பொறிக்குத் தெருவே போகும், வயதுக்கு வந்த பெண் பிள்ளை பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் போகக் கூடாது என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும். வீட்டுக்குள்ளேயே தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை என்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆண்கள் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். இந்த ஒன்றில் பெரும்பாக்கம் பழைய இடத்தைவிட நிச்சயம் மேல்.

ஆனால் அம்மாவின் கதை அங்கேதான் மாறுகிறது. மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், முன்பு ஒரு வீட்டை முடித்துவிட்டு நடந்தே வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனதும் அது முடிந்தது. காலை ஐந்தரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும், திரும்ப ஏழு, ஏழரை ஆகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது உண்மையிலேயே பெரிய உதவி, ஆனால் அது மிச்சப்படுத்துவது பணத்தைத்தான், போகவர ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. வேலையை விட்டவர்களும் உண்டு. வேலையை விட்டால் அம்மா வீட்டில் இருப்பார், அடுப்பில் ஒன்றும் இருக்காது. என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒன்பது வயதுப் பெண் மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்கிறாள். பால்வாடி இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அது மாலையில் அம்மா திரும்பி வரப் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே மூடிவிடும்.

மாடியும் ஒரு பிரச்சினை. ஏழாவது மாடியில் இருக்கும் சின்னக் குழந்தையை விளையாடக் கீழே அனுப்பினால் மேலிருந்து கண்ணில் வைத்துக்கொள்ள முடியாது, லிஃப்ட் நின்றுவிட்டால் தண்ணீர்க் குடத்தோடு படி ஏற வேண்டும், அதனால் பல வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு டிவியைப் போட்டுவிடுகிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. குடிசையில் இருந்தபோது எதிர் வீட்டு ஆயா, பக்கத்து வீட்டு அக்கா, மூலைக் கடை அண்ணன் என்று பத்துப் பேரின் கண் அந்தக் குழந்தை மேல் இருந்தது. ஒதுக்கீட்டில் ஒரே தெருக்காரர்களை வேறு வேறு பிளாக்கில் போட்டதும் அந்தக் கண்கள் போய்விட்டன. கட்டித் தருகிற யாருடைய மதிப்பீட்டிலும் அதற்கு ஒரு பைசாகூட ஒதுக்கியதில்லை.

அப்புறம் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, பள்ளி மாறும் பிள்ளையை டி.சி. தாமதமாகிறது என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நவம்பரில் வீட்டை இடித்தால் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் பிள்ளை? பழைய பள்ளிக்குப் போக ஒன்றரை மணி நேரம், புதிய பள்ளியில் பாதிப் பாடம் ஓடிவிட்டது. எட்டாவது படித்த ஒரு பையன், நாலு மாதம் இப்படியும் அப்படியுமாக அலைந்துவிட்டு, பிறகு மீன்பாடி வண்டியில் உட்கார்ந்து போவதைப் பார்த்தேன். அவன் படிப்பை விட்ட நாள் என்று எந்த ஒரு நாளையும் சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனான். இதில் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைத் தவிர்க்கக் காசே தேவையில்லை, ஏப்ரல் தேர்வு முடியும்வரை பொறுத்தால் போதும்.

வெள்ளத்துக்குப் பயந்து அனுப்பிய இடமும் வெள்ளம் வருகிற இடம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணீருக்குள் இருந்தன.

இரண்டாவது வழிக்கு வருவோம். இருந்த இடத்திலேயே கட்டுவது சென்னைக்குப் புதிதில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் அதன் வேலையே பெரும்பாலும் அதுதான், நொச்சிக்குப்பம் கடற்கரையில் மீனவர்களுக்கு அங்கேயே மாடி வீடு கட்டியது அந்தக் காலத்தில்தான். (2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். மக்கள் வாயில் இன்னும் ஹவுசிங் போர்டுதான்.) இதையும் செம்மஞ்சேரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நொச்சிக்குப்பத்துப் பிள்ளைக்கு அப்பாவின் படகு வீட்டு வாசலிலேயே கிடக்கிறது, அம்மா மீன் விற்கும் இடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதே பள்ளி, அதே டீச்சர். கடற்கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன மீனவக் குடும்பத்தில் அப்பா விடியற்காலை கடலுக்குப் போக, முதல் நாள் இரவே கிளம்ப வேண்டியிருந்தது.

அளவுகோலின்படி இரண்டாவது வழிதான் ஜெயிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதற்கும் ஒரு குழி இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துப் புதியது கட்டி முடிக்கும்வரை குடும்பம் எங்கே போவது? வெளியே தங்கிக்கொள்ளக் கொடுக்கும் கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்தது, அதை 24,000 ஆக்கினார்கள். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 1,333 ரூபாய். நகரத்துக்குள் அந்தப் பணத்துக்கு வாடகைக்கு ஒரு திண்ணைகூடக் கிடைக்காது. அதனால் குடும்பம் தூரமாகப் போகிறது, பிள்ளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பள்ளி மாறுகிறது, வேலை தாமதமானால் மூன்று வருடம்கூட ஆகிறது. மூன்று வருடம் என்பது பெரியவர்களுக்குப் பொறுத்துப்போகும் காலம், ஒன்றாவது படிக்கும் குழந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் காலம் மொத்தமும் அதில் போய்விடும். இன்னொன்று, இருந்ததைவிட அதிக வீடு கட்டினால் குழந்தைகள் ஓடியாடிய முற்றம்தான் முதலில் பார்க்கிங்காக மாறும்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்க நீங்கள் அரும்பாக்கத்திலோ வில்லிவாக்கத்திலோ ஒரு நடை நடந்தாலே போதும். 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, தண்ணீரும் சாக்கடையும் தெருவும் போட்டுக் கொடுத்தார்கள். மெதுவாகத்தான் நிரம்பியது, தோல்வி என்றுகூடப் பேசினார்கள். திட்டம் முடிந்து இருபது வருடம் கழித்து ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் போய்ப் பார்த்தபோது அவை நிரம்பி, பலவகை வருமானக்காரர்கள் கலந்து வாழும் நல்ல பகுதிகளாக இருந்தன. காசு சேரச் சேர ஒவ்வொரு மாடியாக ஏற்றியிருந்தார்கள். முன் அறையில் கடையோ தையல் மெஷினோ போட்ட அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று கேட்கவே தேவையில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அரும்பாக்கமும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. அப்படியானால் தூரம் மட்டுமே குற்றவாளி இல்லை. அங்கே பெரிய மனை, சின்ன மனை, கடை, பள்ளி எல்லாம் கலந்து வந்தன. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஏழைகளை மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவித்தோம், வீட்டை முதலில் கொண்டுவந்து பள்ளியையும் வேலையையும் பிறகு தேடினோம். அந்தக் குவிப்பினால்தான் ஏரியா பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் நிலை வந்தது, வேலைக்குப் போகும் பையன்கள் துரைப்பாக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசிய விதத்தை நான் மறக்க மாட்டேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நகரத்துக்குள் மனை கொடுக்க இன்று நிலம் குறைவு, ஆகவே மூன்றாவது வழி விளிம்பில்தான் சாத்தியம், அதுவும் எல்லா வருமானக்காரர்களுக்கும் கலந்து கொடுத்தால்தான். ஆற்றின் ஓட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீடுகளை அப்படியே விட முடியாது என்பதையும் ஏற்கிறேன், ஆனால் மாற்று வீடு அதே வார்டிலோ நடந்து போகும் தூரத்திலோ இருக்க வேண்டும். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்த பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே வீடு தருவதாக அரசு சொன்னது. முதலிலேயே சொல்லியிருக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் இருந்த இடத்திலேயே கட்டுவதுதான் என் தேர்வு, இடைக்கால வாடகையை உண்மையான வாடகையாகக் கொடுக்கும் நிபந்தனையோடு.

ஏற்கெனவே விளிம்புக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீட்டால் பயன் இல்லை. அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆனால் அவர்களுடைய அன்றாடத்தைச் சரிசெய்யலாம். காலை உணவுத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த அந்தத் திட்டம், ஐந்தரை மணிப் பஸ்ஸில் போன அம்மாவின் இடத்தில் ஒரு தட்டு உப்புமாவை வைத்தது. அதே யோசனையை மாலைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு பிளாக் வரிசைக்கும் தரைத்தளத்தில் ஒரு வீட்டை யாருக்கும் ஒதுக்காமல் வைத்து, அந்தக் குடியிருப்பிலேயே இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, இரவு எட்டு மணிவரை திறந்து வைக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கு ஊருக்குள் போகாமலே வேலையும் கிடைக்கும்.

எங்கள் வகுப்பை முன்பு ஆறரைக்கு முடித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஏழே முக்கால்வரை உட்காருகிறோம், கடைசிப் பிள்ளையின் அம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வர அவ்வளவு நேரம் ஆகிறது.