வால்பாறை மழைக்காடு ஃபீல்ட் கேம்ப்: நம்ம தர்மபுரி சயின்ஸ் டீச்சர்ஸ் போலாமா?

சுத்திப் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு வரலாம்னு நினைச்சா இந்த கேம்ப்புக்கு போகாதீங்க, காசு வேஸ்ட். இங்க காலைலயே கையில டேப்பும் கயிறும் குடுத்துடுறாங்க. 10க்கு 10 மீட்டர் கட்டம் கட்டி உள்ள இருக்கற ஒவ்வொரு மரத்தையும் தரையில இருந்து 1.3 மீட்டர் உயரத்துல சுத்தளவு எடுக்கணும், அடியில பலகை மாதிரி விரிஞ்சு நிக்கற பலகை வேர் இருக்கற மரம்னா அந்த வேர் முடியற இடத்துக்கு மேல போய் அளக்கணும், சரிவுல கயிறு நிக்கவே நிக்காது. புக்குல இந்த கட்டத்த குவாட்ரட்னு ஒரு பாராவுல முடிச்சுடுறோம்ல, அதுக்கு இங்க அரை நாள் சண்டை. பாதி உள்ள பாதி வெளிய நிக்கற மரத்த சேக்கலாமா கூடாதான்னு கேட்டா ட்ரெய்னர் பதிலே சொல்லல, நீங்களே ஒரு ரூல் வைங்க சார், கடைசி கட்டம் வரைக்கும் அதையே ஃபாலோ பண்ணுங்கன்னுட்டார். எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

அப்புறம் மண்ணு. இவ்ளோ பச்சையா இருக்கு, மண்ணுல அவ்ளோ சத்து இருக்கும்னுதான நாமளும் கிளாஸ்ல அடிச்சு விடுறோம்? சருகை விலக்கிப் பாக்க சொன்னாங்க, மெல்லிசா ஒரு அடுக்குதான். விழற இலை சீக்கிரமே மக்கி வேர் வழியா திரும்ப மரத்துக்கே ஏறிடுது, சத்து பெரும்பாலும் மரத்துலதான் இருக்கு, மண்ணுல தங்கறத மழை அடிச்சுட்டுப் போயிடும். சிங்கவால் குரங்கு வெடிப்பலாங்கற காட்டு மரத்துப் பழத்த தின்னுட்டு இருந்துச்சு, அது போனஸ்.

சாப்பாடு சுமார், தினமும் அதே சாம்பார், களி தின்னு வளந்த நாக்குக்கு ஒத்து வரல. அட்டைப்பூச்சி கடிக்காம இருக்க போடற சாக்ஸ் வேணும்னு முன்னாடியே சொல்லாம அங்க போனதும் டபுள் ரேட்ல விக்கறது நியாயமே இல்ல.

பெரிய குறை வேற. நம்மளது வறண்ட காடு. 2022ல காவேரி தெற்கு சரணாலயம்னு அறிவிச்சாங்களே அந்தப் பக்கமோ பென்னாகரம் பக்கமோ போங்க, கோடையில பாதி மரம் மொட்டை, சருகு மழை வர்ற வரைக்கும் காஞ்சு அப்படியே கெடக்கும். இதை வெச்சு எங்க பசங்களுக்கு என்ன கேள்வி குடுக்கறதுன்னு கேட்டா "அதே மெத்தட்தான்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. வனத்துறை பர்மிஷன் எப்படி வாங்கறதுன்னும் ஒரு வார்த்தை இல்ல. நான் இப்போதைக்கு ஸ்கூல் கிரவுண்டுல புங்க மரத்தடி சருகையும் வேப்ப மரத்தடி சருகையும் பைல கட்டிப் போட்டு, எது சீக்கிரம் மக்குதுன்னு மாசாமாசம் எடை பாக்க வெச்சிருக்கேன், பசங்க நம்மள விட ஆர்வமா இருக்காங்க.

5க்கு 3.5. பயாலஜி டீச்சர்னா கண்டிப்பா போங்க, ஜூன் ஜூலை மட்டும் வேண்டாம், மழை கொட்டும். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்றவங்க முன் சீட் பிடிச்சுக்கோங்க. பேனா ஆகாது, ஈர பேப்பர்ல எழுத பென்சில் எடுத்துட்டு போங்க.