மதுரை வட்டாரத்துப் படங்கள் பழைய டிவிடியில்: எதை வாங்கலாம், எதை விடலாம்

எம்.ஆர். ஏரியா என்று விநியோகஸ்தர்கள் சொல்லும் மதுரை, ராமநாதபுரம் வட்டாரத்தில் கதை நடக்கும் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஓடியவற்றை டிவியில் மாதம் ஒரு தடவை போட்டுவிடுகிறார்கள். ஓடியிருக்க வேண்டியவற்றை நாம்தான் தேடிப்பிடிக்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்துகளிலும் பழைய சாமான் தள்ளுவண்டிகளிலும் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும் டிவிடிக்கள் இதற்கு இன்னும் உதவுகின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால் பாதி குப்பைக்குத்தான் போகும்.

இந்தப் படங்கள் ஏன் முடங்கின என்பதற்குப் பெரும்பாலும் காலண்டரே பதில் சொல்லும். நட்சத்திரப் படத்தை விநியோகஸ்தர் மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடாவிட்டாலும் திரும்பி வராத முன்தொகை கொடுத்து வாங்குகிறார். போட்ட காசை எடுக்க வேண்டுமே என்று தியேட்டரில் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறார். பெரிய முகம் இல்லாத படம் கமிஷனுக்குத்தான் வரும். அவர் காசு அதில் மாட்டியிருக்காது. அடுத்த பெரிய படம் வந்ததும் முதலில் கழற்றப்படுவது இதுதான். தேனிப் பக்கத்துச் சாவு வீட்டுச் செய்முறையை (உறவினர் செய்யும் சீரை) வைத்தே ஒரு குடும்பப் பகையைச் சொன்ன ‘மதயானைக் கூட்டம்’ 2013 டிசம்பர் 25ஆம் தேதி வந்தது. ஜனவரி 10ஆம் தேதி ‘வீர’மும் ‘ஜில்லா’வும் ஒரே நாளில் இறங்கின. நடுவில் 16 நாள். வாய்மொழியாகப் பேச்சுப் பரவி ஊர்க்காரன் டிக்கெட் எடுக்க வருவதற்குள் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ‘அழகர்சாமியின் குதிரை’யை இறக்கியது 2011இல், சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த அதே வாரத்தில். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கும், அதில் நடித்த அப்புக்குட்டிக்கும் பிறகு தேசிய விருது கிடைத்தது. வசூலுக்கு அது உதவவில்லை.

இனி டிஸ்க். விசிடியை விட்டுவிடுங்கள். அதன் படம் 352க்கு 288 புள்ளிதான். சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை போனால் மிஞ்சுவது 163 வரிகள். போதாக்குறைக்கு இரண்டு டிஸ்க்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு டிஸ்க்கில் 74, 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்பதால் முக்கியமான காட்சியின் நடுவிலேயே கூட வெட்டு விழும். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோதே விசிடிக்கு அர்த்தம் போய்விட்டது.

டிவிடியில் உறையின் பின்பக்கம் ‘அனமார்ஃபிக்’ (அகலத் திரைக்காகப் படத்தைப் பக்கவாட்டில் சுருக்கிப் பதிந்தது) அல்லது ‘16:9’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்கோப் படத்துக்கு ஏறக்குறைய 436 வரிகள் கிடைக்கும். ‘லெட்டர்பாக்ஸ்’ (பழைய டிவியின் 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு பதிந்தது) என்று மட்டும் இருந்தால் 327. இந்தக் கணக்கு நம்மூர் டிவி முறையான பால் (PAL) வகை டிஸ்க்குக்கு. அந்த வகையில் இன்னொரு சங்கதி: வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை 25ஆக ஓட்டுவதால் இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். சரிசெய்யாமல் விட்ட டிஸ்க்கில் ஒலியின் சுருதியும் சற்று ஏறியிருக்கும். ராஜா இசையமைத்த ‘அழகர்சாமியின் குதிரை’யைக் கேட்டுப் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க்கில் வரிகள் குறைவு, சுருதி சரியாக இருக்கும். எனக்கு வரியைவிடச் சுருதி முக்கியம்.

மூன்று படம் ஒரே டிஸ்க்கில் என்று வருமே, அதைத் தொடவே கூடாது. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். ஒரு படம் மட்டும் இருந்தால் வினாடிக்கு 4 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். மூன்றைத் திணித்தால் ஒன்றரைகூடத் தேறாது. பகல் காட்சியில் அவ்வளவாகத் தெரியாது. ‘அரவா’னைப் போட்டுப் பாருங்கள். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலிலிருந்து எடுத்து, வசந்தபாலன் 2012இல் தந்த படம். களவுக்குப் போவதெல்லாம் இருட்டில்தான். பந்த வெளிச்சம் ஆடும் இடத்தில் சுவரும் ஆளும் கட்டம் கட்டமாக உடைந்து, யார் யாரைத் துரத்துகிறார் என்பதே புரியாது.

கடையில் செய்ய வேண்டியது: டிஸ்க்கைத் திருப்புங்கள். அடிப்பக்கம் ஊதா நிறம் அடித்தால் வீட்டில் எரித்தது, அநேகமாகத் திருட்டுப் பிரதி. வெள்ளியாக மின்னினால் ஆலையில் அச்சிட்டது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி ஓட்டை மாதிரி ஒளிப்புள்ளி தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகப் பூச்சே போய்விட்டது, அதை எந்த மெருகும் மீட்காது. நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறலை பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டமாக ஓடும் கீறல் தடத்தோடு சேர்ந்து போவதால் அங்கே படம் உறையும்.

டிவிடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் படிக்கும். ஒற்றை அடுக்கில் கிளைமாக்ஸ் கிடப்பது விளிம்புப் பக்கம். விரல் படுவதும் அங்கேதான், தள்ளுவண்டியில் சித்திரை வெயில் பட்டு வளைவதும் அங்கேதான். முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று வாங்கினால் கடைசி அரை மணி நேரம் காலை வாரும். “அண்ணே, கடைசி சீனைப் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். பிளேயர் இல்லை என்பார். யூஎஸ்பி டிவிடி டிரைவும், விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் ஏற்றிய லேப்டாப்பும் கையில் இருந்தால் அங்கேயே சோதித்துவிடலாம். முகம் சுளிக்கும் வியாபாரியிடம் பத்து டிஸ்க்காக மொத்தமாகப் பேசினால் விலையும் இறங்கும், பொறுமையும் கூடும்.

அழுக்கு டிஸ்க்கைச் சுத்தம் செய்ய ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்க வேண்டும், சுழற்றிச் சுழற்றி அல்ல. பற்பசை தேய்க்கச் சொல்பவர்கள் ஊரெங்கும் உண்டு. ஒரு கீறலை மறைத்து நூறு கீறலைப் போடும் வேலை அது.

வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். 5.1 ஒலியில் பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும்; அது இல்லாத வீட்டில் அமுங்கிவிடும். பிளேயர் அமைப்பில் இரண்டு சேனல் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

2018 ஆகஸ்டில் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2022 பிப்ரவரி 11இல் வந்த மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ இரண்டுக்கும் டிஸ்க் தேடி அலைய வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்து நல்லாண்டியை நாயகனாக்கிய பின்னதற்கு ‘வலிமை’ வரும்வரை 13 நாள்தான் கிடைத்தது. நான்கு வாரத்தில் சோனி லிவ் ஓடிடி தளத்துக்குப் போய்விட்டது. செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் முடிவில் காற்றாலைகளுக்கு நடுவே நாயகன் ரங்கசாமி புள்ளியாகிப் போவார்; ஆறு அங்குலத் திரையில் அந்தப் புள்ளியே தெரியாது. 32 அங்குல டிவியாவது வேண்டும், அதிலும் அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு.