சுகர் குக்கிக்கு வண்ணம் எப்போது: சுடுவதற்கு முன்பா, பின்பா?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளோடு சுகர் குக்கி என்ற இனிப்பு பிஸ்கட் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மாவு நம்மைக் கைவிடாது. 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, 350 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி வெண்ணிலா எசன்ஸ் ஆகியவற்றைப் பேக்கிங் பவுடர் சேர்க்காமல் பிசைந்து, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 1 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அச்சால் வெட்டினால், நட்சத்திரத்தின் முனைகள் சூட்டில் கலையாமல் நிற்கும். அந்த நாள் பிள்ளைகளுக்கு எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது, அதன்மேல் எதைப் பூசுகிறோம் என்பதுதான். சுட்டு ஆறிய பின் பூசுகிற ராயல் ஐசிங் (காய்ந்தால் இறுகும் சர்க்கரைப் பூச்சு), பட்டர்கிரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பூச்சு), சுடுவதற்கு முன் தீட்டுகிற முட்டை மஞ்சள்கரு வண்ணம் ஆகிய மூன்றையும் சென்னையில் என் தங்கையின் பிள்ளைகளோடு பல டிசம்பர்களில் செய்து பார்த்திருக்கிறேன்.

இந்தக் குக்கி நம் ஊர்க் காற்றுக்குப் பிறந்ததன்று. பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு சேர்த்துப் பேசப்படும் பண்டம் இது; டிசம்பர் 24 இரவு சாண்டா தாத்தாவுக்கென்று ஒரு தட்டில் குக்கியும் ஒரு குவளையில் பாலும் வைத்துவிட்டு உறங்கப் போவது அமெரிக்கப் பிள்ளைகளின் வழக்கம். குளிருக்காகச் சூடேற்றிய அந்த வீடுகளுக்குள் காற்று வறண்டிருக்கும். சென்னையிலோ வடகிழக்குப் பருவமழையின் ஈரம் டிசம்பர் முழுவதும் விடுவதில்லை. அங்கே எழுதிய குறிப்பில் காய்வதற்கென்று போட்டிருக்கும் நேரத்தை நம்பி இங்கே அலங்காரத்தில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மூன்றில் அழகு மிகுந்தது ராயல் ஐசிங் என்பதில் எனக்கு ஐயமில்லை. 450 கிராம் ஐசிங் சுகருடன் 3 மேசைக்கரண்டி மெரிங்க் பவுடரும் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த தூள்) 5 அல்லது 6 மேசைக்கரண்டித் தண்ணீரும் சேர்த்து, எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாத பாத்திரத்தில் கெட்டியாக அடிக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவிலும் இதைச் செய்யலாம் என்றாலும், சுடாமலே உண்ணும் பொருள் என்பதால் பிள்ளைகளுக்கு மெரிங்க் பவுடரே பாதுகாப்பானது. கோலத்துக்குக் கம்பி இழுத்துவிட்டு உள்ளே வண்ணப்பொடி நிரப்புவதைப் போலவே இதற்கும் முதலில் கெட்டி ஐசிங்கால் ஓரம் கட்டி, பிறகு இளக்கிய ஐசிங்கை உள்ளே பரப்ப வேண்டும். கத்தியால் கிழித்த கோடு 10 முதல் 15 விநாடிக்குள் தானே மூடிக்கொண்டால் அதுவே நிரப்புவதற்கு ஏற்ற பதம். ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் கிண்ணத்திலேயே சில நிமிடங்களில் மேலே பொருக்குத் தட்டிவிடும்.

சிக்கல் பிள்ளையின் கையில் தொடங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் பிடிக்குள் ஐசிங் கோன் அடங்குவதில்லை. நடுவில் அமுக்கியவுடன் ஐசிங் மேல்வாய் வழியாக ஏறி மணிக்கட்டில் வழிகிறது. நாம் அதை வாங்கித் துடைத்து, முறுக்கிக் கொடுக்கிறோம். இரண்டாம் முறை வாங்கும்போது திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. அதன்பிறகு பிள்ளை பார்வையாளர் ஆகிவிடுகிறது. அடுத்தது காத்திருப்பு. மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் உள்வரை காய ஓர் இரவு வேண்டும், மழை நாளில் அதற்கும் மேல். "காஞ்சிடுச்சா பெரியம்மா?" என்று கால் மணிக்கொரு முறை கேட்ட தங்கை மகன் கடைசியில் விரலால் தொட்டுப் பார்த்ததில், பனிமனிதனின் வயிற்றில் விழுந்த குழி மறுநாள் வரை அப்படியே இருந்தது. வெள்ளை முழுதாகக் காய்வதற்குள் அருகில் சிவப்பைத் தீட்டினால், ஈரக்காற்றில் சிவப்பு கசிந்து விடிவதற்குள் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும் என்பதும் அன்று நாங்கள் கற்றதே.

பட்டர்கிரீமைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுவையில் இதுவே முதலிடம். வெண்ணெய்க் கத்தியால் மூன்று வயதுப் பிள்ளைகூடப் பூசிவிடும். ஆனால் இது இறுகுவதே இல்லை என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது; நம் ஊர்ப் பகல் வெப்பத்தில் குழைந்தும் போகும். செய்த அன்றே உண்பதற்கு மட்டும் இது பொருந்தும்.

என் தேர்வு மஞ்சள்கரு வண்ணம். ஒரு முட்டையின் மஞ்சள்கருவில் கால் தேக்கரண்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, நான்கு சிறு கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஜெல் ஃபுட் கலர் சேர்த்தால், அச்சால் வெட்டிய பச்சைக் குக்கியின் மேல் புதுத் தூரிகையால் நேரடியாகத் தீட்டலாம். 170 டிகிரி சூட்டில் 10 முதல் 12 நிமிடம் சுட்டு, ஓரம் சிவப்பதற்குள் எடுத்துவிட்டால், வண்ணம் வார்னிஷ் பூசிய மரப்பொம்மையைப் போல் பளபளக்கும். ஆறியவுடன் டப்பாவில் அடுக்கலாம். தங்கை மகள் ஒரே நட்சத்திரத்தின் ஒரே முனையில், உதட்டைக் கடித்துக்கொண்டு, ஐந்து முறை சிவப்பைத் தீட்டினாள். தடித்துப் போன அந்த இடம் ஓவனில் மெல்லிய கீறலாக வெடித்தது. தட்டிலிருந்த முப்பதில் தன்னுடையது எதுவென்று அந்தக் கீறலைக் கொண்டே கண்டுபிடித்து, ஆறும் வரை அருகிலேயே நின்றாள். தூரிகை கடைசிவரை அவள் கையில்தான் இருந்தது. நான் வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. கருவின் மஞ்சள் கலப்பதால் நீலம் பச்சையாகத் திரும்பும். இதைத் தீட்டத் தொடங்குவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. வெண்மை வரவே வராது, ஆகவே பனிமனிதனுக்கு ராயல் ஐசிங்கை விட்டால் வழியில்லை. தூரிகையை நாக்கில் வைக்கும் வழக்கத்தையும் கண்டிப்போடு தடுக்க வேண்டும். முட்டை மட்டும்தான் ஆபத்து, மாவு ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் தவறு. 2016இல் அமெரிக்காவில் கோதுமை மாவிலிருந்த ஈ.கோலி கிருமியால் பலர் நோயுற்றபோது, வேகாத மாவைச் சுவைக்க வேண்டாம் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. முட்டை சேர்க்காத வீடுகளில், மாவிலும் முட்டைக்குப் பதில் 3 மேசைக்கரண்டிப் பால் விட்டுப் பிசைந்து, சுடுவதற்கு முன் மேலே பாலைத் தடவி வண்ணச் சர்க்கரையைத் தூவினால், பளபளப்பு குறைந்தாலும் வேலை அதே வேகத்தில் முடியும். அலங்காரத்துக்குப் பதிக்கும் வெள்ளி நிறச் சர்க்கரை மணிகள் கடினமானவை. மிகச் சிறிய பிள்ளைகள் இருக்கும் மேசையில் அவற்றை வைக்கக் கூடாது.

பத்து வயதைக் கடந்து, கோனைப் பிடிக்கும் பொறுமையும் வந்துவிட்ட பிள்ளைக்கு ராயல் ஐசிங்கை மறுப்பது நியாயமாகாது. அண்டை வீடுகளுக்குக் கொடுக்கும் பெட்டியில் அதன் அழகுக்கு ஈடு இல்லை. எங்கள் வீட்டில் 22ஆம் தேதியே மொத்த மாவையும் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கைச் சின்னவர்கள் அன்றே தீட்டிச் சுட்டுவிடுகிறார்கள். மீதி ஒரு பங்கு வெறுமனே சுடப்பட்டு, காற்றுப் புகாத டின்னில் மூத்தவளுக்காகக் காத்திருக்கிறது. அவள் மறுநாள் ஓரம் கட்டி, நிரப்பி, இரவு முழுவதும் மின்விசிறியடியில் காயவைத்து, 24ஆம் தேதி காலையில் பெட்டிகளில் அடுக்குகிறாள்.