கால் உலக்கை: நாலு வருஷம் மிதிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது

கால்ல மிதிச்சு நெல்லு குத்துற மர உலக்கை, வங்காளத்துல டேக்கி, நேபாளத்துல டிக்கின்னு சொல்லுவாங்களே அதேதான், எங்க வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. ஆள் உயரத்துக்கு ஒரு கனமான கட்டை, நடுவுல அச்சு, தலைப்பக்கம் பூண் போட்ட உலக்கை, அதுக்கு நேர் கீழ தரையில பதிச்ச உரல். வால்பக்கம் மிதிச்சா தலை தூக்கும், காலை எடுத்தா தன் கனத்துலயே விழும். கை உலக்கைல தோள்பட்டை வாங்குற அடி இதுல கிடையாது, உடம்பு கனமே பாதி வேலையை பாத்துடும்.

ஆனா மிதிக்கிறத விட நெல்லு பதம்தான் முக்கியம்ங்க. முதல் வருஷம் ஓவரா காஞ்ச நெல்லைப் போட்டு பாதிக்கு பாதி குருணையாப் போச்சு, ஈரம் இருந்தாலோ உமியே கழலாது. இப்போ ஒரு நெல்லை பல்லுல கடிச்சுப் பாப்பேன், டக்குனு ரெண்டா உடைஞ்சா போடலாம், நசுங்குச்சுன்னா இன்னும் காயணும். புழுங்கல் நெல்லு அவ்வளவா உடையாது, புதுசா ஆரம்பிக்கிறவங்க அதுல பழகுங்க. எடைல அஞ்சுல ஒரு பங்கு உமியாவே போயிடும், அதுக்கு மேல எவ்வளவு குத்துறோமோ அவ்வளவு தவிடு போகும், அந்த தவிட்டுலதான் வைட்டமின் பி1 சத்து அதிகமா இருக்கு, அதனால நான் லேசா சிவப்பு தெரியும்போதே நிறுத்திடுவேன். தவிட்டுல எண்ணெய் இருக்கறதால அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஒரு வாரத்துக்கு வேண்டியத மட்டும் குத்துங்க.

மாவுக்கு, ஊறவச்சு வடிச்ச பச்சரிசின்னா பஞ்சு மாதிரி வரும், சூடே ஏறாது. காஞ்ச தானியத்தை நைஸா இடிக்கணும்னா சலிச்சு சலிச்சு திருப்பிப் போட்டே பொழுது போயிடும், அதுக்கு மில்லுதான் சரி.

ரெண்டாவது வருஷம் அச்சு துளை தேஞ்சு உலக்கை நடுவுல விழாம உரல் விளிம்புல அடிக்க ஆரம்பிச்சுது, சத்தம் மாறினப்பவே கவனிச்சிருக்கணும், விளிம்பு சில்லு பெயர்ந்த பிறகுதான் பாத்தேன். இப்போ மாசம் ஒரு தடவை அச்சுக்கு விளக்கெண்ணெய் விடுறேன்.

இன்னொன்னு, இது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் உலக்கை மேல இருக்குற அந்த நொடியில கையை விட்டு நெல்லைக் கிளறணும். ஒரு தடவை என் தங்கச்சி கிளறும்போது நான் பேச்சு சுவாரஸ்யத்துல காலை எடுத்துட்டேன், அவ வளையல் உடைஞ்சதோட போச்சு, அன்னைக்கு எனக்கு கை கால் நடுங்கினது இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் கைக்குப் பதிலா நீளக் குச்சிதான், மிதிக்கும்போது பேச்சே கிடையாது. தனியா இருக்குறவங்க தயவுசெஞ்சு வாங்காதீங்க.