இன்டர்காம்: யாருக்குக் கம்பி, யாருக்கு வயர்லெஸ்?

நிகழ்ச்சியில் ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் சொல்லும் "ஸ்டாண்ட்பை" (தயாராக இரு) காதில் விழுந்து, அடுத்து வரும் "கோ" (செய்) விழாமல் போனால் மேடை இருட்டிலேயே நிற்கும். அதனால் குழுவினர் தங்களுக்குள் பேசும் இன்டர்காம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றே: நிகழ்ச்சி நடக்கையில் யார் நகர்கிறார்கள், யார் நகர்வதில்லை?

லைட், சவுண்ட், வீடியோ ஆபரேட்டர்கள், ஃபாலோ ஸ்பாட் (மேடையில் ஒருவரைத் தொடரும் விளக்கு) பிடிப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பவர்கள். அவர்களுக்குக் கம்பி பார்ட்டி-லைன்தான் (எல்லோரும் ஒரே லைனில் பேசிக் கேட்பது) சரி. கிளியர்-காம் நிறுவனத்தின் முறையில் மைக்குக்குப் போடும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளே போதும். முதல் பின் கிரவுண்ட், இரண்டாவதில் 30 வோல்ட் டிசி, மூன்றாவதில் பேச்சு. பெல்ட்பேக்குக்கு (இடுப்பில் மாட்டி ஹெட்செட்டைச் செருகும் சிறு பெட்டி) மின்சாரம் லைனிலேயே வருவதால் பேட்டரிக் கவலை கிடையாது. ஆர்டிஎஸ் நிறுவனத்தின் டூ-வயர் முறை அதே கேபிளில் இரண்டு சேனல் கொடுக்கும். அங்கே முதல் சேனல் மின்சாரத்தோடு இரண்டாவது பின்னில் போகும். கேபிள் ஒன்றுதான், முறை வேறு. இரண்டையும் கலந்து வாடகைக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒரு லைனுக்கு ஒரே ஒரு 200 ஓம் டெர்மினேஷன்தான் (லைனை முடிக்கும் மின்தடை). ஒரே லைனில் இரண்டு பவர் சப்ளை இருந்து, இரண்டிலும் அது ஆனில் இருந்தால் எல்லோர் குரலும் தணிந்துவிடும். எதிலும் இல்லாவிட்டால் லைன் ஊளையிடும். "பெல்ட்பேக் போய்விட்டது" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மேடைக்கும் பின்புறத்துக்கும் ஓடுகிறவர்களுக்கு வயர்லெஸ் வேண்டும். ரீடலின் பொலேரோ, கிளியர்-காமின் ஃப்ரீஸ்பீக் II இரண்டும் 1.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகின்றன, பட்டனை அழுத்திப் பிடிக்காமல் இருபுறமும் பேசலாம். ஆனால் காலி அரங்கில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மனித உடம்பு இந்த அலைகளை உறிஞ்சும், கூட்டம் நிறைந்ததும் எட்டும் தூரம் குறையும். ஆன்டெனாவைத் தலைகளுக்கு மேலே ஏற்றுங்கள். ஹாலிலேண்டின் சாலிட்காம் C1 பெல்ட்பேக்கே இல்லாமல் ஹெட்செட்டுக்குள் அடங்கிவிடும். சின்னக் குழுவுக்கு அது பெரிய வசதி.

வாக்கி-டாக்கியில் ஒருவர் பட்டனைப் பிடித்திருக்கும்வரை மற்றவர் பேச முடியாது. பார்க்கிங்குக்கும் பாதுகாப்புக்கும் போதும், கியூவுக்கு ("கோ" போன்ற உத்தரவுக்கு) ஆகாது. வைஃபையில் ஓடும் ஃபோன் ஆப்பையும் கியூவுக்கு நான் நம்பமாட்டேன். பார்வையாளர்களின் ஃபோன்கள் உள்ளே வந்தால் அந்த அலைவரிசை திணறும்.

ஹெட்செட்டில் ஸ்டேஜ் மேனேஜருக்கு ஒரு காது போதும், மறுகாது மேடைக்கு வேண்டும். டிரம்ஸுக்கோ ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு காதும் மூட வேண்டும். பேயர்டைனமிக்கில் DT 108 ஒரு காது, DT 109 இரண்டு காது. மைக் எதுவானாலும் உதட்டை ஒட்டி இருக்கட்டும். பார்ட்டி-லைனில் எல்லோர் மைக்கும் ஒன்றாய்க் கலப்பதால், ஒருவர் மைக்கை ஆனில் விட்டு ஹெட்செட்டை மேசையில் வைத்தாலும் அத்தனை காதிலும் இரைச்சல்தான். தூரத்திலிருந்தே எல்லா மைக்கையும் அணைக்கும் வசதி பேஸ் ஸ்டேஷனில் (இன்டர்காமின் மையப் பெட்டி) உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஹெட்செட் முனையில் நாலு பின்னா, ஐந்து பின்னா என்பதையும் பெல்ட்பேக்கோடு சேர்த்துப் பாருங்கள்.