கையால் வரைந்த நூலோவியம் என்ற பெயரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி: ஓர் எச்சரிக்கை

தையல் மெஷினில் நூலைக் கொண்டு கையாலேயே உருவப்படம் வரைந்து தருவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்பவர்களிடம் ஆர்டர் கொடுக்க நினைப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் பெற்றோரின் மணிவிழாவையொட்டி, நானும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பியும் ஒரே புகைப்படத்தை அனுப்பி ஆளுக்கொரு படம் வரையச் சொன்னோம். இரண்டுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கொடுத்தோம். வந்து சேர்ந்தவை இரண்டுமே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி.

அந்தத் தொகையைக் கொடுக்க நாங்கள் ஏன் தயங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதாரணத் தையலில், ஊசித் தகட்டுக்கு அடியிலிருந்து எழும் பற்கள் துணியைச் சீராகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவதால், எல்லாத் தையலும் ஒரே நீளத்தில் விழுகின்றன. நூலால் வரைபவரோ அந்தப் பற்களை இறக்கிவிட்டு, அந்த வசதி இல்லாத மெஷினாக இருந்தால் அவற்றின் மேல் ஒரு தகட்டை மூடிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான ஃபுட்டையும் கழற்றி, துணியை வளையத்தில் விறைப்பாக மாட்டி, இரண்டு கைகளாலும் அந்த வளையத்தை நகர்த்துகிறார். ஏறி இறங்குவது மட்டுமே ஊசியின் வேலை. எந்தத் திசையில், எவ்வளவு நீளத்தில் தையல் விழ வேண்டும் என்பதைக் கையின் நகர்வும் மெஷினின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கை தயங்கினால் தையல்கள் ஒரே இடத்தில் குவிந்து நூல் சிக்கிக்கொள்ளும். கை முந்தினால் தையல் நீண்டு தொங்கும், சில சமயம் ஊசியே முறிந்துவிடும். கன்னத்தின் வளைவையும் கூந்தலின் போக்கையும் அனுசரித்து ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை ஏற்றி ஒரு முகத்தை உருவாக்குவதற்குப் பல மணி நேரம் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் விலை.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியை நான் மட்டமாகச் சொல்ல வரவில்லை. சீருடைச் சின்னங்களுக்கும் ரவிக்கைக் கைகளுக்கும் அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. படத்தை மெஷின் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றும் டிஜிட்டைசிங்கை நன்றாகச் செய்வதற்கும் தனித் திறமை வேண்டும். ஆனால் ஒருமுறை ஃபைல் தயாராகிவிட்டால், எத்தனை பிரதி வேண்டுமானாலும் அதே தையல் அதே இடத்தில் விழும். எங்களை ஏமாற்றியவர் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

எனக்கு வந்த படம் கண்ணாடிச் சட்டத்துக்குள், பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி மூடப்பட்டு வந்தது. தம்பி சட்டத்தை உள்ளூரிலேயே போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால், அவனுக்குத் துணியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். விழாவன்று இரண்டையும் அருகருகே வைத்தபோது, அம்மாவின் இடது காதோரம், தோட்டுக்கும் கூந்தலுக்கும் நடுவே வெட்டாமல் விடப்பட்ட பழுப்பு நூல் ஒன்று குறுக்கே போவதை என் மனைவி காட்டினாள். அது இரண்டு படங்களிலும் இருந்தது. அதே இடத்தில், அதே நீளத்தில். பிறகு உற்றுப் பார்த்தால், சேலை, கன்னம், நெற்றி என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாத் தையல்களும் ஒரே சாய்வில், செங்கல் வரிசை போல ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி, சம இடைவெளியில் ஓடுகின்றன. புகைப்படத்தை மென்பொருளில் போட்டு, அது தந்ததை அப்படியே ஓட்டியிருக்கிறார்கள்.

சட்டத்தைப் பிரித்த பிறகு இன்னும் சில தெரியவந்தன. இவ்வளவு நெருக்கமாகத் தையல் போடும்போது, துணிக்கு அடியில் தாங்குவதற்குக் கனமான பேப்பரோ, பக்ரம் எனப்படும் விறைப்புத் துணியோ வைக்க வேண்டும். இவர்கள் எதையும் வைக்காததால் அப்பாவின் நெற்றியைச் சுற்றித் துணி சுருங்கி, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நிமிர மறுக்கிறது. பட்டு நூல் என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். பின்பக்கம் தொங்கிய நூலின் நுனியை வெட்டி எரித்துப் பார்த்தோம். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். கடைகளில் சில்க் திரெட் என்ற பெயரில் விற்கும் ரேயானாக இருந்தாலும் தாள் எரிவது போல எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கெட்டியான மணியாக உறைந்தது. பாலியெஸ்டர். சாயம் போகாது என்பதால் அதுவும் நல்ல நூல்தான், ஆனால் பட்டின் விலைக்கு வாங்க வேண்டிய பொருளல்ல.

கேட்டபோது, மெஷினில் போட்டது என்றுதானே சொன்னோம் என்றார்கள். வளையத்தைக் கையால் நகர்த்தி வரைவோம் என்று அவர்களே அனுப்பிய வாட்ஸாப் செய்தியைக் காட்டியதும், பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு ஈடாக நாங்கள் எழுதிய விமர்சனத்தை நீக்கிவிட வேண்டும் என்றும் பேரம் பேசினார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன், விளம்பர வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது யாருடைய கை என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் படமே பாதி முடிந்த நிலையில் வளையத்தில் இருப்பதையும், அதைக் கை நகர்த்துவதையும் காட்டும் வீடியோ வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உண்மையில் வரைபவருக்கு அதை அனுப்புவதில் சிரமம் எதுவும் இல்லை. சட்டம் போடாமல் வாங்குங்கள். பின்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது. தையலின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறதா, முகத்தின் வளைவோடு திசை திரும்புகிறதா என்று முன்பக்கத்தைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், உரையாடல்களையும் பணம் செலுத்திய ரசீதையும் அழிக்காமல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. நாங்கள் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். இரண்டு படங்களையும் சாட்சியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.